சொல்லாமல் விட்ட முடுக்கு

மஞ்சணத்தி முடுக்கு நல்லூரணியில் இல்லாமல் போன காலையில் நான் யாருடைய ஜாக்கெட்டுக்கோ கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து முன்னறைக் கட்டிலே கதியாகிவிட்ட என் வீட்டுக்காரர் சுடலைமுத்து ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த எங்கள் மகள் பகவதி வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி வாசல்படியில் உட்கார்ந்து பால்காரர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பால்காரர்தான் வரவில்லை. முடுக்கு என்றால் எங்கள் பக்கம் சின்னத் தெரு. ஒரு மாடும் ஒரு மனுஷனும் எதிரெதிரே வந்தால் மாடு யோசித்து வழிவிட வேண்டும், அந்த அகலம்தான்.

மனுஷனுக்கு என்ன கேடு என்று திட்டிக்கொண்டே முடுக்கின் வாய்க்குப் போனேன். அவர் அங்கேதான் சைக்கிளோடு நிற்கிறார், எனக்கு ஒரு கை தூரத்தில், பாத்திரக்கடைச் சுவரையும் ரேஷன் கடைச் சுவரையும் மாறி மாறித் தடவிக்கொண்டு. "இங்கன ஒரு முடுக்கு இருந்துச்சே, எங்க போச்சு?" என்று தனக்குத்தானே கேட்கிறார். நான் ஒரு எட்டு வெளியே வைத்து, "அண்ணாச்சி, இன்னைக்குக் கண்ணாடிய வீட்லயே வச்சிட்டு வந்துட்டியளா?" என்றேன். திரும்பிப் பார்த்தால் எனக்கு முடுக்கு தெரிகிறது, மஞ்சணத்தி மரம் தெரிகிறது, அதன் அடியில் எங்கள் வீட்டுக் கொடியில் காயும் துணி தெரிகிறது. அவருக்கு ரெண்டு சுவரும் ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் தெரிகிறது. "சுவத்துக்குள்ள இருந்தா வாறிய பிச்சம்மா?" என்று கேட்டுவிட்டு, பாலை ஊற்றிவிட்டு, மணியடித்துக்கொண்டே போய்விட்டார்.

தையல்காரியான எனக்கு அது விளங்கியது. அகலத் துணியில் ஒரு மடிப்பை உள்ளே தள்ளித் தையல் போட்டுவிட்டால் வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு மடிப்பு இருப்பதே தெரியாது, துணி மட்டும் உள்ளே இருக்கும். அப்படித்தான் நாங்கள் உள்ளே இருந்தோம். வீடு வாசல் அங்கே உள்ள நாங்கள் போகலாம், வரலாம். மற்ற யாராலும் உள்ளே வர முடியாது, எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் முடியாது, சுவரில் மூக்கு இடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஊர் என்ன செய்தது என்கிறீர்களா? ஊர் பழகிக்கொண்டது. பூக்காரி தங்கபுஷ்பம் சுவரைப் பார்த்து நின்று "பூவேய்" என்று கூவுவாள், சுவரிலிருந்து ஒரு கை கிண்ணத்தோடு வெளியே வரும், அளந்து போட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போவாள். தபால்காரர் கடிதங்களைச் சுவரோரம் ஒரு கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார். சிலிண்டர்காரன் வெளியிலேயே இறக்கிவிட்டு "உருட்டிக்கோங்க" என்பான். குடிதண்ணீர் லாரி நின்றுவிட்டதால் நாங்கள் பக்கத்துத் தெருவுக்குக் குடத்தோடு போனால், "இல்லாத தெருக்காரங்க வந்துட்டாக, பாவம், முதல்ல விடுங்க" என்று வரிசையில் இடம் கொடுப்பார்கள், அந்தப் பாவம் என்ற சொல்லைக் கேட்கும்போது மட்டும் குடத்தை அவர்கள் தலையிலேயே கவிழ்க்கலாமா என்று எனக்கு வரும். ஓட்டுக் கேட்டு மேளத்தோடு வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள், நாங்கள் உள்ளே நின்று கைதட்டிச் சிரித்தோம். பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் சப்பரம் வந்தபோது மட்டும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை, தேங்காயும் சூடமுமாக நாங்கள் வாயில் நிற்க, என்றைக்கும் எங்கள் முடுக்குக்குள் திரும்பி வருகிற அம்மன் ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவருக்குக் கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டாள்.

கடைசி வீட்டு ஆறுமுகநயினார் அண்ணாச்சிக்கு மட்டும் ஏகக் கொண்டாட்டம். அவருடைய சம்பந்தி மாதம் தவறாமல் வந்து டேரா போடுகிறவர், இப்போது சுவரைத் தடவிவிட்டுத் திரும்பிப் போகிறார். "இல்லாம இருக்கதும் ஒரு சொகந்தான் தாயி" என்பார் என்னிடம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் மருமகன் லிங்கதுரை உடன்குடிப் பக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறி வந்து, சுவருக்கு வெளியே நின்று பெண்டாட்டியோடு பேசுவான். அந்த வயிற்றோடு அவள் வெளியே போய் வெயிலில் நிற்பாள், ரேஷன் கடைக்காரர் ஒரு ஸ்டூல் போடுவார், ரெண்டு பேரும் ஊர் பார்க்க உட்கார்ந்து கருப்பட்டி மிட்டாய் தின்பார்கள். "அத்த, உள்ள வந்து மாமாவ ஒரு தடவ பாத்துட்டுப் போவணும்னு இருக்கு" என்று அந்தப் பிள்ளை சொல்லும்போது எனக்கு வயிறு எரியும்.

காரணம் என்று ஒன்று உண்டா என்றால் உண்டு, அது என் நாத்தனார் முப்பிடாதி.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒரு கம்பெனி இருந்தது. எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் விட, குப்பை வண்டி எந்த வழியாகப் போக, எந்த விளக்கு எப்போது எரிய என்று நகராட்சிக்கு எல்லாப் புரோகிராமும் எழுதிக் கொடுக்கிற கம்பெனி. முன்னே ஆட்கள் உட்கார்ந்து எழுதினார்கள், இப்போது ஏஐ ஏஜெண்டு எழுதுகிறது. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு மாதிரி பை தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வராது, கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடக்கும், வாயால் விவரம் சொன்னால் மளமளவென்று எழுதித் தள்ளிவிடும். அதற்கு விவரம் சொல்கிற வேலைதான் முப்பிடாதிக்கு.

லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஏஜெண்டுக்கு மூளை மலை அளவு, ஞாபகம் மட்டும் ஒரு நாளைக்குத்தான். ஒவ்வொரு காலையும் பச்சைப்பிள்ளை மாதிரி முழித்து, இது என்ன ஊர், நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும். ஒன்றும் சொல்லாமல் விட்டால் தன் போக்குக்கு ஒரு ஊரைக் கற்பனை பண்ணிக்கொண்டு எழுதும். அளவுக்கு மீறிச் சொன்னால் சொன்னதிலேயே முங்கிப்போய் எதை விட, எதைப் பிடிக்க என்று திணறும். ஒரு தடவை அவர்கள் மேனேஜர் பெரிய கெட்டிக்காரத்தனமாக ஊரின் பழைய கதை பூராவையும் அதற்குச் சொல்லப்போக, அது தண்ணீர் லாரியை என்றைக்கோ தூர்த்துவிட்ட தெப்பக்குளத்துக்கு அனுப்பியது, லாரிக்காரரும் சமர்த்தாகப் போய் அந்த இடத்தில் இப்போது இருக்கிற ஜவுளிக்கடை வாசலில் திறந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் முப்பிடாதியை உட்கார்த்தினார்கள். இன்றைக்கு என்ன வேலையோ அதற்கு வேண்டியதை மட்டும், வேண்டிய வரிசையில், எங்கே அது தடுக்கி விழும் என்பதையும் சேர்த்துச் சொல்வாள், ஏஜெண்டு ஒரு பிழை இல்லாமல் எழுதும். ஊர் மெச்சியது.

அந்தச் சாமர்த்தியம் அவளுக்கு வானத்திலிருந்து விழவில்லை. நான் வாக்கப்பட்டு வந்தபோது அவளுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது, தாயில்லாப் பிள்ளை. நூல் வாங்க அனுப்பினால், எந்தக் கடை, எந்த நிறம், அந்த நிறம் இல்லை என்றால் அதற்குப் பக்கத்து நிறம் எது, கடைக்காரர் எதைத் தலையில் கட்டப் பார்ப்பார், எல்லாம் சொல்லித்தான் அனுப்புவேன். சடை பின்னிவிட்டேன், பரீட்சைக்குப் படிக்கையில் என் தையல் மிஷினை நிறுத்தி வைத்தேன், அவளுக்குப் பேன் பார்த்த கை இது. சொல்லிக் காட்டுகிறேன் என்றால் ஆமாம், சொல்லித்தான் காட்டுகிறேன்.

ஏஜெண்டு எழுதியபடிதான் ஊர் நடந்தது. அதனால் அதற்குச் சொல்லாத இடம் ஊரில் இல்லாமல் போனது, அவ்வளவுதான் விஷயம்.

நாங்கள் இல்லாமல் போன அந்த வாரமே முப்பிடாதி வந்தாள். கல்யாணமாகிப் புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் குடித்தனம் போனாலும் பிறந்த வீடு என்பதால் அவளுக்கு அப்போது வழி விட்டது. வந்ததும் வராததுமாக அண்ணன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நாந்தாண்ணே விட்டுட்டேன். நம்ம முடுக்க அதுக்கு வெளங்க வைக்க முடியல. மத்த தெருவுன்னா ஒரு வார்த்தையில முடிஞ்சிரும். நம்ம முடுக்குல நாலாம் நம்பர் வீடு மூணாப் பிரிஞ்சு கெடக்கு, ஆறாம் நம்பரே கெடையாது, ஒன்பதுக்குப் பொறவு ரெண்டு வருது. அந்தக் காலத்துல யாரோ எவர் வாசல்லயோ தோண்டக் கூடாதுன்னு சண்ட போட்டதுல தண்ணிக் குழாய் அடுத்த தெரு வழியாச் சுத்திக்கிட்டு வருது. அந்தச் சண்டையச் சொன்னாத்தான் குழாய் புரியும், பாகப்பிரிவினையச் சொன்னாத்தான் நம்பர் புரியும். இதெல்லாம் சொன்னா அது தல பூரா நம்ம முடுக்காவே ஆயிருது, மத்த தெருவுல தப்பு விடுது. எதையாவது கழிக்கணும்னு மேனேஜர் சொல்லுதாரு."

"கழிக்கதுக்கு ஒனக்கு நாங்கதானா கெடச்சோம்?" என்றேன்.

"கல்யாண வீட்ல வீட்டாளுக கடைசிப் பந்தியிலதான மதினி உக்காருவோம்? வெளியாளுகள விட்டா ஏசுவாக. நீங்கன்னா பொறுத்துக்குவியன்னு நெனச்சேன்."

அந்தப் பேச்சில் எனக்கே கொஞ்சம் மனசு இளகியதை ஏன் மறைக்க. எங்கள் சனத்தில் அது பெரிய மரியாதை. எங்கள் கல்யாணத்திலேயே நானும் இவரும் எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு ரசமும் அப்பளத் தூளுமாகச் சாப்பிட்டோம், சந்தோஷமாகத்தான் சாப்பிட்டோம். என் வீட்டுக்காரர் அசைகிற கையால் தங்கச்சியின் தலையைத் தடவினார். "சின்னப் பிள்ள, வேல நெருக்கடியில விட்டிருக்கும். சும்மா இரி பிச்சம்மா" என்றார். அவள் மறுநாளிலிருந்து எங்களையும் சேர்த்துச் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் முடுக்கு இருந்தது. பால்காரர் மணியடித்துக்கொண்டு உள்ளேயே வந்தார், லாரி வந்தது, சம்பந்தி வந்து ஆறுமுகநயினார் அண்ணாச்சியின் முகத்தைக் கறுக்க வைத்தார். அடுத்த நாள் இல்லை. அதற்கடுத்து ரெண்டு நாள் இருந்தது, பிறகு வாரக் கணக்கில் இல்லை. "இன்னைக்கு இருக்கோமா?" என்பதுதான் எங்கள் காலை விசாரிப்பு என்றாகிவிட்டது, காப்பி குடித்தாச்சா என்று கேட்பது போல. இருக்கிற நாளில் எல்லாவற்றையும் அடித்துப் பிடித்துச் செய்தோம், கொத்தனாரைக் கூப்பிட்டோம், பெண் பார்க்க வரச் சொன்னோம், ஒரு வீட்டில் காதுகுத்தும் இன்னொரு வீட்டில் பதினாறாம் நாளும் ஒரே நேரத்தில் நடந்து பந்தலில் யாருக்கு அழ, யாருக்குச் சிரிக்க என்று தெரியாமல் ஜனம் தவித்தது. இல்லாத நாளில் முப்பிடாதிக்குப் போன் போடுவேன். "ஐயோ, மறந்தே போச்சு மதினி. காலையில வேல தலைக்கு மேல. அதுவும் ஒண்ணும் கேக்கல, நானும் விட்டுட்டேன்" என்பாள். மறதி எல்லாருக்கும் உள்ளதுதானே என்று என் வீட்டுக்காரர் எனக்குப் புத்தி சொல்வார்.

பகவதிக்கு வலி எடுத்தது ஒரு இல்லாத நாளில். அதனால் என்ன, வெளியே போக எங்களுக்குத் தடையில்லையே, நானும் அண்ணாச்சி வீட்டுப் பெண்களும் அவளைத் தாங்கிக்கொண்டு போய் சுவருக்கு வெளியே ஆட்டோவில் ஏற்றினோம், ரேஷன் வாங்க நின்ற ஜனம் பூராவும் "முருகா, முருகா" என்று சொல்லி வழிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் சுகப்பிரசவம். பெண் குழந்தை.

செய்தி சொல்ல ஓடி வந்தேன். என் வீட்டுக்காரர் கண்ணெல்லாம் தண்ணீராக, "சேன யாரு வச்சா?" என்று கேட்டார். பிறந்த பிள்ளை நாக்கில் முதல் இனிப்புத் தண்ணீரை யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்று எங்களுக்குள் ஒரு வழக்கம். "இன்னும் யாரும் வைக்கல" என்றேன். "என் தங்கச்சிய வைக்கச் சொல்லு. படிச்ச பிள்ள, பாசக்காரி" என்றார். முப்பிடாதி ஆபீசிலிருந்து ஓடி வந்தாள், சேனை வைத்தாள், குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. குழந்தை பிறந்தது வெளியே. அது எங்கள் முடுக்கில் இருந்த ஆளில்லை. மூடிய நாளில் அது எப்படி உள்ளே வரும்? விருந்தாளி இல்லை, எங்கள் வீட்டுப் பிள்ளை, உள்ளே வந்து ஒரே ஒரு ராத்திரி தங்கிவிட்டால் போதும், அதுவும் வீட்டாள் ஆகிவிடும். அந்த ஒரு நாள் முடுக்கு இருக்க வேண்டும்.

"ஏளா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற அன்னைக்கு மட்டும் மறந்துறாத. ஒங்க அண்ணன் கட்டில்ல கெடந்து அந்தப் பிள்ளைக்காகத்தான் உசுரப் பிடிச்சிட்டு இருக்காரு" என்றேன்.

"எங்க அண்ணன் தல மேல சத்தியம் மதினி. அன்னைக்கு எதச் சொல்லாட்டியும் நம்ம முடுக்கச் சொல்லிட்டுத்தான் மத்த வேல."

என் வீட்டுக்காரரைப் பலகையில் வைத்து நாலு பேர் வெளியே தூக்கிக்கொண்டு போய்க் குழந்தையைக் காட்டிவிடலாமே என்று ஆறுமுகநயினார் அண்ணாச்சி கேட்டார். நியாயமான யோசனைதான். என் வீட்டுக்காரர் அவரைக் கடித்துக் குதறாத குறை. "என்ன பேச்சு பேசுதிய? என் பேத்திய என் வீட்டுக்குள்ள வச்சுப் பாக்க மாட்டனா? நடுரோட்டுல வச்சா பாக்கணும்? எம் தங்கச்சி சத்தியம் பண்ணிருக்கா. தூக்கிட்டுப் போனா அவ மேல நம்பிக்க இல்லன்னு ஆயிராதா?" என்றார். அண்ணாச்சி அந்த யோசனையை அதோடு விட்டுவிட்டார்.

குழந்தை வீட்டுக்கு வருகிற காலையில் என் வீட்டுக்காரர் முகம் வழித்துவிடச் சொன்னார், நானே வழித்துவிட்டேன். தீபாவளிக்கு எடுத்த வேட்டியைக் கேட்டார். தலையணைகளை அடுக்கி உட்காரவைத்து, மடியில் ஒரு மெத்தைத் துணியை விரித்து, இழுத்துக்கொண்ட கையால் பிடிக்க முடியாதே என்று அதற்கு அண்டை கொடுத்து, குழந்தையை எப்படி வைப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டார். முடுக்குப் பெண்கள் ஆரத்தி கரைத்து வாயில் நின்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய் மகளையும் பேத்தியையும் மருமகனையும் ஆட்டோவில் கூட்டி வந்தேன்.

இறங்கியதும் லிங்கதுரையின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பகவதி நம்பவில்லை. குழந்தையோடு ஒரு எட்டு வைத்தாள், தோள் சுவரில் இடித்தது. குழந்தையைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு வந்தாள், உள்ளே வந்துவிட்டாள், ஆரத்தித் தட்டு அவள் முகத்துக்கு நேரே நின்றது. திரும்ப வெளியே ஓடிப் பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்தாள், சுவர். நான் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தேன், சுவர். துணியோடு, துணி இல்லாமல், முன்னால் நீட்டி, பின்னால் மறைத்து, மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் அந்தப் பிஞ்சின் துணிக்கு நேரே பொத்தென்று சுவர் வந்து நின்றது, பிள்ளை வீறிட்டது, உள்ளே நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். வீட்டிலிருந்து இவர் குரல் கேட்டது. "வந்துட்டாகளா பிச்சம்மா? பிள்ள சத்தம் கேக்கே!"

பாவி, அண்ணன் தலை மேல் சத்தியம் பண்ணினாயே என்று வாய்விட்டு ஏசினேன். அந்த ஆட்டோவிலேயே ஏறிக் கம்பெனிக்குப் போனேன்.

மாடியெல்லாம் தோரணம், சென்னையிலிருந்து பெரிய ஆட்கள் வேலையைப் பார்க்க வந்திருக்கிறார்களாம், உள்ளறையில் கைதட்டல் கேட்டது. முப்பிடாதி பட்டுச்சேலையில் இருந்தாள். என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். கையைப் பிடித்துத் தன் மேஜைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"மதினி, மெல்லப் பேசுங்க. இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோங்க. இத்தன பேரு பாக்க வந்திருக்காக, ஒரு பிழ வரக் கூடாது. நாளைக்கு மொத ஆளா சொல்லிருதேன். காலையில பதட்டத்துல மறந்தே போச்சு, சத்தியமா மறந்துட்டேன்."

"மறந்துட்டியா? ஒங்க அண்ணன் வேட்டி மாத்தி உக்காந்திருக்காருளா, மடியில துணிய விரிச்சிட்டு! பாத்திரக்கடைக்கும் ரேஷன் கடைக்கும் நடுவுல இருக்க மஞ்சணத்தி முடுக்கு ஒனக்கு மறந்துட்டா?" நான் கத்தியது உள்ளறை வரை கேட்டிருக்கும்.

அவள் வாயைத் திறக்குமுன் மேஜை மேலிருந்த கம்ப்யூட்டர் பதில் சொன்னது. கடைகளின் பெயரைக் கேட்டதும் தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அமரிக்கையான குரல்.

"பாத்திரக்கடைக்கும் ரேஷன் கடைக்கும் நடுவில் உள்ள இடத்தையா சொல்கிறீர்கள்? அங்கே அளவு பொருந்தவில்லை, ஏதோ விடுபட்டிருக்கிறது என்று இன்று காலை கேட்டேன். அங்கே குடியிருப்பு எதுவும் உண்டா என்றும் கேட்டேன். 'அங்கே யாரும் இல்லை, மேலே போ' என்று பதில் வந்தது. அதன்படி எழுதிவிட்டேன்."

"இன்னைக்கு மட்டுந்தான் கேட்டியா?" என்றேன், ஒரு மிஷினிடம் நின்று.

"நேற்று நடந்தது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அளவு பொருந்தாதவரை, பார்த்ததும் கேட்காமல் நான் மேலே போக மாட்டேன்."

தினமும் கேட்டிருக்கிறது! நாங்கள் பெற்றதா, வளர்த்ததா, எங்கள் முகம் அதற்குத் தெரியுமா, சோறு கண்டதா எங்கள் வீட்டில்? அது ஒவ்வொரு காலையும் புதிதாய்ப் பிறந்து, புதிதாய்க் கணக்குப் பார்த்து, அங்கே யாரும் இருக்கிறார்களா என்று எங்களைப் பற்றி அக்கறையாக விசாரித்திருக்கிறது. என் கையில் சடை பின்னிக்கொண்டவள் ஒவ்வொரு காலையும் யாரும் இல்லை என்று அதன் வாயை அடைத்திருக்கிறாள். மறதி இல்லை, கடைசிப் பந்தி இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"நாங்க இருக்கோம்யா அங்க" என்று அதனிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன், மகள் பெயரைச் சொன்னேன், நாலாம் நம்பர் மூன்றாகப் பிரிந்த கதையைச் சொன்னேன். அது பொறுமையாகக் கேட்டுக்கொண்டது.

"நன்றி. இது முக்கியமான விவரம். இன்றைக்கு எழுத வேண்டியது முடிந்துவிட்டது. நாளைக் காலையில் எனக்கு இது ஞாபகம் இருக்காது. வேலை தொடங்கும் முன் மறுபடியும் சொல்லுங்கள்."

"காலையில அதுகிட்ட யாரு பேச முடியும்?" என்று முப்பிடாதியைப் பார்த்துக் கேட்டேன்.

"நான் மட்டுந்தான் மதினி" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. உள்ளறையிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள், முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

திரும்பி வந்தபோது சுவரோரம் ஸ்டூலில் பகவதி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், லிங்கதுரை வெயில் படாமல் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றான், பகவதியையும் பிள்ளையையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக உடன்குடி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். கொஞ்சம் இருங்க மாப்பிள்ள என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அவர் அதே தலையணையில் அப்படியே சாயாமல் உட்கார்ந்திருந்தார். மடியில் துணி விரித்தபடி இருந்தது.

"மறந்துட்டாளாக்கும்" என்றார், எனக்கு முன்னால் அவரே. "வேல கூடுதலா இருந்திருக்கும்."

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. சொல்லியிருக்கலாம், இத்தனை வருஷத்தில் எத்தனை சொல்லியிருக்கிறேன், அன்றைக்கு வரவில்லை. "மறக்கலங்க. அந்த ஏஜெண்டு கேட்டிருக்கு. தினமும் கேட்டிருக்கு. அங்க யாரும் இல்லன்னு ஒங்க தங்கச்சி சொல்லிருக்கா" என்றேன்.

வெளியே பிள்ளை அழுகிற சத்தம் வந்தது, அடங்கியது. அசைகிற கையால் மடியில் இருந்த துணியை ஒரு தரம் நீவினார்.

"பிள்ள யாரு சாயல்?" என்றார்.

நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பிடாதிதாங்க. அப்படியே அவதான்."

மடியில் இருந்த துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "அண்ணாச்சியக் கூப்பிடு, அந்தப் பலகையக் கொண்டாரச் சொல்லு, பஸ்ஸு போறதுக்குள்ள என்னைய வெளிய தூக்கிட்டுப் போங்க" என்றார்.